நானோ ஆய்வகத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள்?

(மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றில் நடந்த பணியிடைப் பயிற்சியில், நானோ பொருள் ஆய்வு மையம் ஒன்றின் அறிவியலாளர் ஆற்றிய உரை.)



காலையில் தேநீர் குடிக்கும்போது ஒரு கணித ஆசிரியர் என்னிடம் வந்தார். "உங்க சென்டர்ல சேர எத்தனை மார்க் வேணும் மேடம்? என் பொண்ணு ஒண்ணு எட்டாவதுல ரொம்ப நல்லா படிக்குது" என்றார். அவர் சொன்ன பெண் அவருடைய மகள் இல்லை, வகுப்பில் படிக்கும் மாணவி. அது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் படித்த பள்ளியிலும் இப்படித்தான் பேசுவார்கள்.

அவருடைய கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மார்க்கை மட்டும் சொன்னால் அது பாதிப் பதில்தான். அந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் என் வீட்டிலேயே ஒரு பிள்ளைக்கு நான் கெடுதல் செய்திருக்கிறேன். அதையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

என் ஊர் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போனவர். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். இப்போது பதினேழு ஆண்டுகளாக ஐதராபாத்தில் நானோ பொருள்களோடு வேலை செய்கிறேன்.

முதலில் நானோ என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பீர்கள். பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வார்கள், மனதில் ஒன்றும் நிற்காது. நான் அளவியல் கணக்கு ஒன்றைக் கொடுப்பேன். ஒரு செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டினால் எல்லாவற்றின் புறப்பரப்பையும் சேர்த்து எவ்வளவு வரும்? 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். எடை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. உள்ளங்கையில் அடங்கின பொருள் ஒன்றரை ஏக்கர் நிலமாக விரிகிறது. வேதிவினைகள் பல பொருளின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. பேட்டரி, வினையூக்கி, தண்ணீர் வடிகட்டி என்று எல்லோரும் நானோவைத் தேடிப் போவதற்கு இந்த ஒன்றரை ஏக்கர் ஒரு முக்கியக் காரணம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தையும் ஆர்சனிக்கையும் நீக்க நானோ பொருள்களைப் பயன்படுத்தியது இந்த வழியில்தான்.

இன்னொன்று, நிறம். மிக நுண்ணிய தங்கத் துகள் நீரில் மிதந்தால் மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். இதை ஆராய்ந்து 1857-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. ஒளிக்கற்றையை அந்தத் திரவத்துக்குள் செலுத்தி, அது சிதறித் தெரிவதைப் பார்த்தார். நாம் டிண்டால் விளைவு என்று நடத்துகிறோமே, அதேதான். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, அட்டையில் துளை போட்டு டார்ச் அடித்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்க்கலாம். ஃபாரடே கல்லூரிக்குப் போனவர் இல்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு ஆண்டு தொழில் பழகியவர். அந்தக் கை அவருக்கு ஆய்வகத்தில் உதவியது என்றே நான் நினைக்கிறேன்.

(இங்கே யாராவது 'வூட்ஸ்' உருக்கைப் பற்றிக் கேட்பீர்கள். ஆமாம், 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அத்தகைய வாள்களுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. அதை வைத்து, நம் கொல்லர்களுக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குக் குழாய் தெரியாது. நெருப்பும் இரும்பும் தெரியும். அந்த அறிவுக்கே தனிப் பெருமை உண்டு.)

சரி, எங்கள் மையத்துக்கு வருவோம். காலை எட்டரை மணிக்கு வந்தால் அறிவியலாளர் யாரையும் பார்க்க முடியாது. திரவ நைட்ரஜன் நிரப்புகிறவர் வந்திருப்பார். மைனஸ் 196 டிகிரி. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவார். அவர் வராத நாளில் எங்கள் பாதிக் கருவிகள் சும்மா கிடக்கும். அவர் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவர். அடுத்து எக்ஸ் கதிர்ப் படிகக் கருவி. அதை இயக்குகிற பெண் பி.எஸ்.சி. இயற்பியல். மாதிரிப் பொடியைத் தட்டில் பரப்பி, பரப்பைச் சமப்படுத்துவதில் அவருடைய கை அவ்வளவு சுத்தம். வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கோ ஓர் இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நாங்கள் கிராம் கணக்கில் செய்ததைக் கிலோ கணக்கில் செய்ய வைக்கிறவர் ஒரு வேதிப் பொறியாளர். எங்களோடு ஓயாமல் சண்டை போடுவார், பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். நுண்பொடி மூச்சில் போகாமல் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர், காப்புரிமைக்கு எழுதிக் கொடுப்பவர், கருவி வாங்கும் கோப்புகளைக் கவனிக்கிற கிடங்கு அலுவலர் எல்லோரும் உண்டு. இவ்வளவு பேருக்கு நடுவில்தான் முனைவர் பட்டம் வாங்கிய என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளியைக் கனசதுர வடிவ நானோ துகள்களாக வளர்க்க முயன்றுகொண்டிருந்தேன். முப்பது முறையாவது தோற்றிருப்பேன். ஒருநாள் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து, செப்பு வலையில் வைத்து உலர்த்தி, மின்னணு நுண்ணோக்கிக்குக் கொண்டுபோனேன். அந்த வலை மூன்று மில்லிமீட்டர் விட்டம், ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். இடுக்கியால் எடுக்கும்போது மூச்சு விட்டாலே பறந்துவிடும். திரையில் பார்த்தால் கனசதுரங்கள்! நான்கு மூலையும் வெட்டி வைத்தாற்போல. எனக்கு அழுகையே வந்துவிட்டது. படம் எடுத்து, அன்றே என் வழிகாட்டிக்கு அனுப்பத் தயாரானேன்.

நுண்ணோக்கியை இயக்குகிற அண்ணா பின்னால் உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர். ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக அந்த இருட்டறையில் இருப்பவர். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உப்பு, மேடம்" என்றார். தெலுங்கிலும் உப்புக்கு உப்புதான், மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

எலக்ட்ரான் கற்றையை ஒரு கனசதுரத்தின் மேலேயே நிறுத்தினார். ஒரு நிமிடத்தில் அதன் ஓரம் அரித்தது, நடுவில் ஓட்டை விழுந்தது. "வெள்ளி இப்படிப் போகாது" என்றார். தனிமங்களைச் சோதித்தோம். சோடியமும் குளோரினும்தான். நான் சரியாகக் கழுவாமல் விட்ட திரவத்தில் மிச்சமிருந்த சாப்பாட்டு உப்பு உலர்ந்து, தன் இயல்புப்படி அழகான கனசதுரமாகப் படிந்திருந்தது. வெள்ளி ஒரு மூலையில் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அந்தப் படம் மட்டும் வெளியே போயிருந்தால் எனக்கு அந்தத் துறையில் பெயரே இருந்திருக்காது.

கார்பன் நானோ குழாய்களை 1991-இல் உலகம் கவனிக்கும்படி எடுத்துக் காட்டிய சுமியோ இயிஜிமாவும் மின்னணு நுண்ணோக்கியில் பல்லாண்டு பழகிய கண் உடையவர்தான். அந்தக் கண் மாற்றுச் சான்றிதழில் பதிவாகாது.

இதை நான் உங்களிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். செய்முறைத் தேர்வில் தனி ஊசல் வைத்து g கண்டுபிடிக்கச் சொல்கிறோம். 9.1 என்று வருகிறது. பிள்ளை பக்கத்துப் பையனைப் பார்க்கிறது, அவன் 9.8 எழுதியிருக்கிறான். உடனே அளவீடுகளைப் பின்னாலிருந்து திருத்தி 9.8 வரவைக்கிறது. நானும் செய்திருக்கிறேன். முழு மதிப்பெண் வாங்கினேன். வெள்ளிக் கனசதுரம் வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு உப்பைப் பார்த்து வெள்ளி என்று நம்பியது அந்தப் பழக்கம்தான் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். 9.1 ஏன் வந்தது, நூலின் நீளத்தைக் குண்டின் நடு வரை அளந்தாயா, அலைவை எங்கிருந்து எண்ணத் தொடங்கினாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் எனக்குப் பின்னால் பயன்பட்டிருக்கும். பாடத்திட்டமும் நேரமும் உங்களுக்கு இடம் கொடுப்பதில்லை என்பது தெரியும். வருடத்தில் ஒரே ஒரு செய்முறைக்காவது இப்படிச் செய்து பாருங்கள்.

இப்போது கண்ணாடி ஊதும் அறைக்கு வருகிறேன். ஆய்வகத்துக்கு வேண்டிய கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் கடையில் கிடைக்காது. நாம் தாளில் வரைந்து கொடுப்போம். ஒருவர் ஆக்ஸிஜன் சுடரில் குழாயைச் சுழற்றி, ஊதி, கிளை பிரித்து, மூட்டுப் போட்டுக் கொடுப்பார். குவார்ட்ஸ் குழாய்க்குள் பொடியைப் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டு, அப்படியே சுடரில் உருக்கி மூட வேண்டும். ஒரு கணம் பிசகினால் வாரக்கணக்கில் செய்த பொருள் போய்விடும். எங்களிடம் இருந்தவர் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்தால் அவரைப் பார்க்கவென்றே அந்த அறைக்குப் போவார்கள்.

அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டு ஆகிறது. அறை பூட்டிக் கிடக்கிறது. குழாய் மூட வெளியூருக்கு அனுப்புகிறோம், இரண்டு வாரம் ஆகிறது. தகுந்த ஆள் கிடைக்கவில்லை.

இங்கே சில எண்களைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் டெக்னீஷியன் பணிக்குப் பொதுவாகக் கேட்கும் தகுதி, அறிவியல் பாடத்துடன் பத்தாம் வகுப்பில் 55 விழுக்காடும், உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழும். தொழில் தேர்வு உண்டு, கையால் செய்து காட்ட வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய், அதன்மேல் படிகள். டிப்ளமோவோ பி.எஸ்.சி.யோ முடித்தவர்கள் போகும் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு 35,400. அறிவியலாளர் பணிக்கு 67,700. கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்களையும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றும் முறையும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 55 விழுக்காடு. உங்கள் வகுப்பில் நடுபெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

இனி என் வீட்டுக் கதை. என் அக்கா மகன் சிறு வயதிலேயே கைவேலைக்காரன். ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுத்தான். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 63, மொத்தத்திலும் அந்த அளவுதான். ஐ.டி.ஐ.யில் சேர்கிறேன் என்றான். அக்கா எனக்குப் போன் செய்தாள், "நீதான் பெரிய படிப்புப் படிச்சவ, சொல்லு" என்றாள். நான், "நம்ம வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ.யா? என்னக்கா பேசுற? பன்னெண்டு முடிக்கட்டும், இன்ஜினீயரிங் சேர்த்துவிடலாம்" என்றேன்.

அந்த வாரம்தான் கண்ணாடிக்காரர் எனக்கு ஒரு குழாய் மூடிக் கொடுத்திருந்தார். அவருக்குச் சமமாக இந்த நாட்டில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள் என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அவன் பன்னிரண்டு முடித்தான், தனியார் கல்லூரியில் சேர்ந்தான், பதினொரு பாடம் நிலுவை வைத்தான். கல்விக் கடன் வேறு. இப்போது கோயம்புத்தூரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது, "சித்தி, அன்னைக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா அம்மா விட்டிருக்கும்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டல் நடத்துகிறீர்கள். நல்ல காரியம். எங்கள் காலத்தில் அது இல்லை. அதில் அறிவியல் என்று வரும்போது மருத்துவம், பொறியியல் தாண்டி ஒரு படி போகிறோம் என்றால் 'விஞ்ஞானி' என்று நேராக மேலே போய்விடுகிறோம். நடுவில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிடுகிறோம்.

தேநீரின்போது கேட்ட ஆசிரியருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த எட்டாம் வகுப்பு மாணவி அறிவியலாளராகவே வர விரும்பினால் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐசர் நிறுவனங்களுக்கான திறனறித் தேர்வு எழுதலாம். அது கிடைக்காவிட்டால் ஒன்றும் முடிந்துபோவதில்லை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்.சி. படித்துவிட்டு 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.சி. சேரலாம். நான் வந்தது அந்த வழியில்தான். பின்பு நெட் அல்லது கேட் தேர்ச்சி பெற்றால் ஆய்வு உதவித்தொகை. 2023-இல் உயர்த்தியபின் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய்.

கசப்பையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். முனைவர் பட்டம் முடிய ஐந்து ஆறு ஆண்டு ஆகும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். சொந்தக்காரர்கள் "இன்னுமா படிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெண் பிள்ளை என்றால் அந்தக் கேள்வி இரண்டு மடங்காக வரும். ஆங்கிலமும் ஒரு மலைதான். எம்.எஸ்.சி. முதல் பருவத்தில் எனக்கு வகுப்பில் பாதி புரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 'கூழ்மம்', 'புறப்பரப்புக் கவர்தல்' என்று நான் தமிழில் படித்தது வெறும் சொல்லாக இல்லாமல் பொருளாக மனதில் இருந்தது. ஆங்கிலச் சொல்லை மட்டும் மேலே ஒட்டிக்கொண்டால் போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்தவர்கள் சிலருக்கு அந்த வசதி இல்லை. ஆறு மாதத்தில் சரியானது.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் கடைசிப் பாடத்தில் நானோ அறிவியல் வருகிறது. திருப்புதல் நெருக்கடியில் அது வாசித்துவிட்டுப் போகும் பாடமாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் ஒரு ஆய்வகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தால் நல்லது. நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்தது. பேட்டரிக்கான பொருள்களில் நிறைய வேலை அங்கே நடக்கிறது. செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்கள் பலவும் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படுவது வழக்கம். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். போனால் ஒரு வேண்டுகோள். பெரிய அறிவியலாளரின் உரை முடிந்ததும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிடாதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத் ஓட்டுகிறவர், பம்பு பார்க்கிறவர், நைட்ரஜன் தள்ளுகிறவர் இவர்களிடம் "நீங்க என்ன படிச்சீங்க அண்ணா?" என்று பிள்ளைகளே கேட்கட்டும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

அக்கா மகனுக்கு இப்போது 26 வயது. இந்த ஆண்டு அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறான், பகலில் வகுப்பு, இரவில் டெலிவரி. அவன் பிரிவுக்கு டெக்னீஷியன் பணி வயது வரம்பு 31. இரண்டு ஆண்டு பயிற்சியில் போய்விடும். மீதி மூன்று ஆண்டு இருக்கிறது. எந்த மையத்தில் எப்போது அறிவிப்பு வருகிறது என்று நான் வாரா வாரம் பார்த்து அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றால் உங்களுக்கும் அனுப்புகிறேன், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.